மலாயாவில் யாழ்ப்பாணத்தார் இல்லறம்

மலாயாவுக்குச் சென்ற யாழ்ப்பாணத்தாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு காட்சிகளையே எடுத்துரைப்பர். ஒன்று, தகரப் பெட்டியும் சுருட்டிய பாயுமாகக் கப்பலேறும் இளைஞனின் காட்சி. மற்றையது, முப்பது ஆண்டுகள் கழித்துச் சட்டைப் பையில் மணிக்கூடும் கையில் பிரம்புமாக ஊர் ஒழுங்கையில் நடந்துவரும் பென்சன்காரரின் காட்சி. இவ்விரண்டுக்கும் இடையில் கிடக்கின்ற முப்பது ஆண்டுகளைப் பற்றி அதிகமாக யாரும் பேசுவதில்லை. ஆயினும் அடுப்பு எரிந்ததும், குழந்தைகள் பிறந்ததும், நோய் வந்து போனதும், அயலவர் நண்பரானதும் அந்த முப்பது ஆண்டுகளிலேதான். ஒரு மனிதன் எங்கே வாழ்ந்தான் என்று கேட்டால், அவன் எந்த ஊரை நினைத்துக்கொண்டிருந்தான் என்பதை அல்ல, எந்த வீட்டில் உண்டு உறங்கினான் என்பதைத்தானே விடையாகக் கொள்ளவேண்டும்? மலாயா சென்ற யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் இக்கேள்விக்கு மாறான விடையையே சொல்லி வந்தனர்.

அவர்கள் ஏன் சென்றனர் என்பது பலரும் அறிந்த வரலாறு. மலாய் நாட்டின் முதற் புகையிரதப் பாதை, பேராக் பகுதியில் தைப்பிங்குக்கும் போட் வெல்ட் துறைக்கும் இடையே, 1885 ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி திறக்கப்பட்டது. எட்டு மைல் அளவே நீண்ட அப்பாதையை அமைத்த கூலிப்படையே இலங்கையிலிருந்து சென்றதுதான். பாதை நீள நீள, கணக்கெழுதவும், சீட்டு விற்கவும், தந்தியடிக்கவும், நிலம் அளக்கவும் ஆங்கிலம் கற்றோர் வேண்டியிருந்தனர். அத்தகையோர் யாழ்ப்பாணத்தில் மிகுந்திருந்தனர். 1816 இல் வந்திறங்கிய அமெரிக்க மிசனரிமாரும் பிறரும் மூட்டிய கல்வி வேட்கை மூன்று தலைமுறைகளாகப் படித்தவர்களை உருவாக்கிவிட்டிருந்தது. அத்தனை பேருக்கும் வேண்டிய உத்தியோகம் குடாநாட்டில் இல்லை. காணியோ சீதனமாகப் பிரிந்து பிரிந்து, பரப்புக் கணக்கிலிருந்து குழிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதப் பாதை முழுமையாக இணைந்தது 1905 ஆம் ஆண்டிலேயே. ஆகவே முதலிற் சென்ற இளைஞருட் பலர், தம் சொந்த ஊர் ஒருநாளும் கண்டிராத புகையிரதத்துக்குப் பிறநாட்டிலே கொடி காட்டியவர்களாவர்.

சென்றவர்கள் குடியேறச் செல்லவில்லை. இந்த ஒன்றை மறந்துவிட்டால் பின்வருவன எதுவும் விளங்கா. உத்தியோகம் பார்த்து, பணம் சேர்த்து, தங்கைமாரைக் கரைசேர்த்து, தந்தை பட்ட கடனைத் தீர்த்து, ஒரு கல்வீடும் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவது என்பதே ஒவ்வொருவரின் எண்ணமும். ஆதலால் மலாயாவில் அவர்கள் இருந்த இடத்தை வீடு என்று சொல்வதில்லை. 'குவாட்டர்ஸ்' என்றே சொன்னார்கள். வீடு என்றால் அது யாழ்ப்பாணத்தில் இருப்பது. அது இன்னும் கட்டி முடியாததாக இருக்கலாம். அத்திவாரம் மட்டுமே போடப்பட்டதாகவும் இருக்கலாம். ஆனாலும் வீடு அதுவே.

மணமாகாத இளைஞர் நால்வர் ஐவர் ஓர் அரசாங்க விடுதியிற் கூடி, ஊரிலிருந்து வந்த ஒருவரைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு காலம் கழித்தனர். அறையில் ஒரு பாய், ஓர் அரிக்கன் விளக்கு, சுவரில் ஒரு முருகன் படம். மாதம் பிறந்ததும் மணியோடர். கதிரை வாங்கினால் வீண் செலவு. கட்டில் வாங்கினால் இடமாற்றம் வருகையில் சுமை. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே ஒரு புகையிரத நிலையத்துத் தங்குமடமாக்கி வைத்திருந்தனர் என்று சொல்வது மிகையாகாது. இந்தச் சிக்கனத்தைப் பிற்காலத்தோர் பலவாறாகப் புகழ்ந்திருக்கின்றனர். புகழத்தக்கதுதான். எனினும், இருபத்திரண்டு வயதில் தொடங்கி ஐம்பத்தைந்து வயது வரை 'பிறகு வாழ்வோம்' என்று ஒத்திவைத்த வாழ்க்கையில் இழப்பு ஒன்றும் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது.

இந்த நிலையை மாற்றியவர்கள் பெண்கள்.

விடுமுறையில் ஊருக்கு வந்து, மணம் முடித்து, மனைவியுடன் திரும்பும் வழக்கம் மெல்ல மெல்ல வளர்ந்தது. பதினெட்டு இருபது வயதுப் பெண் ஒருத்தி, தன் கிராமத்துக் கோயில் வீதியைக் கடந்து அதிகம் போயிராதவள், கொழும்பிலோ நாகபட்டினத்திலோ கப்பலேறிப் பல நாட் கடற்பயணத்தின் பின் பினாங்கில் இறங்குகிறாள். அங்கிருந்து புகையிரதம் அவளைத் தைப்பிங்குக்கோ, ஈப்போவுக்கோ, கோலாலம்பூருக்கோ, சிரம்பானுக்கோ கொண்டுசேர்க்கிறது. குவாட்டர்ஸின் கதவைக் கணவன் திறந்துவிடுகிறான். அவள் உள்ளே கால் வைக்கும்போது முதலிற் காண்பது என்ன? தான் அறிந்த எதுவும் அங்கே இல்லை என்பதைத்தான்.

முதலாவது குறை வேலி. யாழ்ப்பாணத்து வீடு என்பது சுவரால் ஆவதன்று, வேலியால் ஆவது. கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, பனையோலையால் அடைத்த வேலிக்குள்ளேதான் கிணறும், முற்றமும், மாமரமும், குசினியும், மாட்டுக் கொட்டிலும் எல்லாம். அந்த வேலியிலும் அயல் வீட்டுக்குப் போய்வர ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு வழியாகத்தான் பெண்களின் உலகம் இயங்கியது. நெருப்பும், உப்பும், செய்தியும், ஆறுதலும் அதனூடே சென்று வந்தன. குவாட்டர்ஸ் வரிசையிலோ வேலியும் இல்லை, பொட்டும் இல்லை. ஒரே கூரையின் கீழ் நீண்ட வரிசையாக வீடுகள். முன்னே ஓர் ஒடுங்கிய விறாந்தை. பின்னே ஒரு சந்து. மறைவுக்கு மறைவும் இல்லை, உறவுக்கு உறவும் இல்லை. அயல் வீட்டில் இருப்பவள் மலையாளத்தாளாக இருக்கலாம், சீனத்தியாக இருக்கலாம், பஞ்சாபிப் பெண்ணாகவோ தென்னிலங்கைச் சிங்களப் பெண்ணாகவோ இருக்கலாம்.

இரண்டாவது, நிலம். சாணத்தால் மெழுகி, வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள்நீர் தெளித்துப் பழகிய கைகளுக்குச் சீமெந்துத் தரையும் பலகைத் தரையும் புதியவை. தூண்களின்மேல் உயர்ந்து நின்ற பலகை வீடுகளில் உரலை வைத்து மாவிடித்தால் வீடே அதிரும். உரலைக் கீழே இறக்கி மண்ணில் வைக்கவேண்டும். இடிக்கத் தொடங்கினால் மழை வந்துவிடும். மழைக்கு அந்நாட்டில் மாதக் கணக்கும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி கார்த்திகையில் மழை. மற்றைக் காலத்தில் வெயில். அதற்கேற்ப மிளகாய் காயவைத்தலும், வடகம் போடுதலும், புழுக்கொடியல் உலர்த்தலும் ஒழுங்குபெற்றிருந்தன. தைப்பிங்கோ மலாயாக் குடாநாட்டிலேயே மழை மிகுந்த நகர் எனப் பெயர்பெற்றது. காலையிற் காயவைத்த நெல்லையும் துணியையும் பிற்பகலில் ஓடி ஓடி அள்ளுவதே அங்கே வந்த புதிய மனைவியின் முதற் பாடமாயிற்று.

மூன்றாவது குறை, பனை. தென்னைக்கு அங்கே குறைவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர்களில் பனந்தோப்பு இல்லை. பனை இல்லையென்றால் பனங்கட்டியும் ஒடியலும் மட்டுமா இல்லை? சுளகு இல்லை, கடகம் இல்லை, பெட்டி இல்லை, திருகணை இல்லை, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியும் இல்லை. குடாநாட்டுச் சமையலறையில் பாதிக்குமேல் ஓலையால் ஆனது என்பதை, ஓலையில்லாத நாட்டுக்குச் சென்ற பின்னரே அப்பெண்கள் முழுமையாக உணர்ந்தனர். ஆகவே ஊரிலிருந்து யார் கப்பலேறினாலும் அவர் பெட்டியில் பிறருக்கான பொதிகளே மிகுந்திருந்தன. வறுத்திடித்த மிளகாய்த்தூள், ஒடியல், பனங்கட்டிக் குட்டான், மோர்மிளகாய், கருவாடு, அவற்றின் மேல் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய நீத்துப்பெட்டிகள். ஒரு நீத்துப்பெட்டி எத்தனை மாதம் உழைக்கும்? அடி பிய்ந்தால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க முடியுமா? மூங்கிற் குழல் அதன் இடத்தைப் பிடித்தது. ஓலைப்பாய் கிழிந்தபோது, மலாய்ப் பெண்கள் தாழையினத்து மெங்குவாங் இலையால் முடைந்த பாய் அதன் இடத்தைப் பிடித்தது. இவை சிறிய செய்திகள்போலத் தோன்றலாம். ஆனால், குடியேற்றம் என்பது குடியுரிமைப் பத்திரத்தில் அன்று, இத்தகைய பாயிலும் குழலிலுமே தொடங்குகிறது.

சந்தைக்குப் போவது இன்னொரு படி. ஊரில் உத்தியோகத்தர் வீட்டுப் பெண் சந்தைக்குப் போவது வழக்கமன்று. மரக்கறியும் மீனும் படலையடிக்கு வரும்; அல்லது வீட்டு ஆண்கள் வாங்கி வருவர். மலாயாவில் கணவன் இரவு முறையில் வேலைக்குச் சென்று பகலில் உறங்குபவன், அல்லது விடியுமுன் போய் இருட்டிய பின் வருபவன். ஆகவே கதவடிக்கு வந்த சீன மரக்கறி வியாபாரியுடன் அவளே பேசவேண்டியதாயிற்று. எந்த மொழியில்? அவனுக்குத் தமிழ் தெரியாது. அவளுக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய். 'பிராப்பா' என்றால் என்ன விலை. 'மஹால்' என்றால் விலை கூட. 'தீடா' என்றால் வேண்டாம், இல்லை. இந்த மூன்று சொற்களைக் கொண்டே ஒரு பெண் ஆறு மாதம் குடும்பம் நடத்திவிடலாம். கங்குங் கீரையும், பச்சைப் பயற்று முளையும், சோயா அவரையிலிருந்து செய்த கட்டியும் யாழ்ப்பாணத்துச் சட்டிக்குள் வந்து, தேங்காய்ப்பாலிலும் மிளகாய்த்தூளிலும் முழுகி, அடையாளம் மாறிப்போயின. பெலாச்சான் என்னும் இறால் விழுதின் நாற்றத்தைக் கண்டு முதல் ஆண்டு மூக்கைப் பொத்தியவள், மூன்றாம் ஆண்டில் அதைச் சம்பலிற் சேர்த்தாள். ஊருக்கு எழுதிய கடிதங்களில் இதையெல்லாம் எழுதியிருப்பாளா என்பது ஐயமே.

அயலவருடன் பழகுவதும் அவ்வாறே. அரசாங்கம் வீடுகளைப் பகிர்ந்தது சாதி பார்த்தன்று, உத்தியோகத் தரம் பார்த்து. ஊரில் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிக்காத இரு குடும்பங்கள், இங்கே ஒரே சுவரின் இரு பக்கத்திலும் வாழ்ந்தன. ஒரு வீட்டில் பிரசவ வேதனை எழுந்தால் மற்ற வீட்டில் வெந்நீர் கொதித்தது. ஆனால் இதை வைத்துச் சாதி ஒழிந்தது என்று கொண்டாடுவதற்கில்லை. கலியாணப் பேச்சு வந்தபோது எல்லாம் பழையபடி யாழ்ப்பாணத்துக் கணக்கிலேயே தீர்மானிக்கப்பட்டன. அன்றியும் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த இந்தியத் தமிழருடன் இவர்கள் நெருங்கிப் பழகவில்லை. ஒரே மொழி பேசியும், ஒரே தெய்வத்தை வணங்கியும், எழுதுகோல் பிடித்தவன் வேறு, கத்தி பிடித்தவன் வேறு என்ற செருக்கு இவர்களிடம் இருந்தது. அதனை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

குழந்தைகள் பிறந்தபோதுதான் இரண்டு வீட்டுச் சிக்கல் முழு உருவம் பெற்றது. எங்கே பெறுவது? எங்கே படிப்பிப்பது? தாய்வீட்டிற் பெறவேண்டுமென்பது மரபு. ஆகவே கருவுற்ற பெண்கள் சிலர் கப்பலேறி ஊர் வந்தனர். பிற்காலத்திற் சிங்கப்பூரின் வெளிநாட்டமைச்சராகி, அந்நாட்டின் தேசிய உறுதிமொழியை 1966 இல் வரைந்த எஸ். இராசரத்தினம் 1915 இல் வட்டுக்கோட்டையிற் பிறந்தவர். கைக்குழந்தையாகவே மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிரம்பானில் வளர்ந்தார். வேறு சிலர் மறு திசையிற் சென்றனர். பின்னாளில் இலங்கைத் தமிழரின் அரசியல் தலைவராக விளங்கிய சா. ஜே. வே. செல்வநாயகம் 1898 இல் ஈப்போவிற் பிறந்தவர். நான்கு வயதளவிலேயே அவருடைய தாயார் பிள்ளைகளுடன் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். தகப்பனார் மலாயாவிலேயே தங்கிவிட்டார். ஒரே கடலின் இரு கரையிலும் இவ்வாறு பிள்ளைகள் இடம்மாறி வளர்ந்தனர். ஒருவர் சிங்கப்பூரின் வரலாற்றிலும் மற்றவர் இலங்கையின் வரலாற்றிலும் இடம்பெற்றதற்கு, பெற்றோர் குழந்தையை எந்தக் கரையில் வளர்க்கத் தீர்மானித்தனர் என்பதும் ஒரு காரணமன்றோ?

படிப்பின் பொருட்டு மனைவியையும் மக்களையும் ஊருக்கு அனுப்பிய தகப்பன் மீண்டும் தனியனாகிறான். பத்து ஆண்டு இல்லறம் நடந்த குவாட்டர்ஸில் மறுபடியும் ஒரு பாய், ஒரு விளக்கு, ஒரு சமையற்காரன். பிள்ளைகள் தகப்பனை அறிந்தது மணியோடரின் மூலமாகவும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து பழக்கமில்லாத குரலிற் கணக்குக் கேட்கும் ஒரு மனிதராகவுமே. இதனைக் கண்டு சலித்த அடுத்த தலைமுறையினர் பிள்ளைகளைத் தம்முடனேயே வைத்துக்கொள்ளத் தலைப்பட்டனர். அதற்கு அங்கு வளர்ந்துவந்த ஆங்கிலப் பாடசாலைகளும் இடங்கொடுத்தன. கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூசன் 1893 இல் நிறுவப்பெற்றது. தைப்பிங்கிலும் சிரம்பானிலும் அத்தகைய பாடசாலைகள் இருந்தன. தமிழுக்கும் சமயத்துக்கும் என்ன செய்வது? கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வாழ்ந்த இலங்கைத் தமிழர் 1904 இல் விவேகானந்தர் பெயரால் ஓர் ஆச்சிரமம் அமைத்தனர். அண்மையிலேயே நல்லூர்க் கோயிலை மனத்திற்கொண்டு ஒரு கந்தசுவாமி கோயிலையும் எழுப்பினர். 1924 இல் யாழ்ப்பாணத்தாரின் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. மணியோடராக முழுவதும் கடல் கடந்து போய்க்கொண்டிருந்த பணத்தில் ஒரு பங்கு அங்கேயே தங்கத் தொடங்கியது. வீட்டைக் குவாட்டர்ஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள், கோயிலை மட்டும் தற்காலிகமாகக் கட்டவில்லை.

பஞ்சாங்கத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆண்டுதோறும் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் தபாலில் வந்து, குவாட்டர்ஸ் சுவரில் தொங்கியது. நல்ல நாளும் இராகு காலமும் அதைப் பார்த்தே கணிக்கப்பட்டன. ஆனால் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கோலாலம்பூரில் உதித்துவிடுகிறது. ஊரில் விடியுமுன் வைத்த முகூர்த்தம் அங்கே வெயில் ஏறிய பின் வரும். சாத்திரம் அறிந்தோர் அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுத் திருத்திக்கொண்டனர். அறியாதோர், அச்சிட்ட நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துச் சூரியனை நம்பிக் கோலாலம்பூரிற் காரியம் தொடங்கினர். அவர்கள் காரியங்களும் பெரும்பாலும் நன்றாகவே நடந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

இடமாற்றம் என்பது இக்குடும்பங்களின் தலைமேல் எப்போதும் தொங்கிய வாள். ஒரு கடதாசித் துண்டு வந்தால் மூட்டை கட்டவேண்டும். ஆகவே எதை நடுவது, எதை நடாமல் விடுவது என்பதும் ஒரு யோசனையாயிற்று. மாமரமும் பலாவும் காய்க்குமுன் இடமாற்றம் வந்துவிடும். முருங்கைக் கதியால் ஒன்றை ஊன்றினால் ஓராண்டிற் காய்க்கும். கறிவேப்பிலைக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். எனினும் அதையும் நட்டார்கள். தான் நட்டதைத் தான் உண்ணாவிட்டாலும், பின்னர் அந்த வீட்டுக்கு வருபவள் உண்பாள். தான் போகும் வீட்டில் முன்னொருத்தி நட்டது நிற்கக்கூடும். குவாட்டர்ஸ் எண்ணை மாத்திரம் எழுதிவைத்த அரசாங்கப் பதிவேடுகளில் இந்தப் பெண்களின் பெயர்கள் இல்லை.

1941 டிசம்பரில் யப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்றிலிருந்து 1945 செப்ரெம்பர் வரை, மூன்றரை ஆண்டுகளுக்குமேல், கடல் மூடப்பட்டது. கடிதம் இல்லை, மணியோடர் இல்லை, பெட்டியில் ஒடியல் இல்லை. யாழ்ப்பாணத்திலே மலாயாக் காசை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு மங்கியது. கணவன் உயிருடன் இருக்கிறானா என்பது தெரியாமல், தாலியைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்று கலங்கிய பெண்கள் இருந்தனர். அக்கரையில், தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் சயாம் பர்மா புகையிரதப் பாதையில் ஆயிரக்கணக்கில் மாண்டனர். நகரங்களில் அரிசி அருகிற்று. வாழைமரப் படம் அச்சிட்ட யப்பானிய நோட்டு, மாதத்துக்கு மாதம் மதிப்பிழந்து வெறும் கடதாசியாயிற்று. குவாட்டர்ஸின் முன்னும் பின்னும் இருந்த புல்வெளியெல்லாம் கொத்தப்பட்டு மரவள்ளி நடப்பட்டது. மரவள்ளியை உரித்து, அரிந்து, உலர்த்தி, இடித்து மாவாக்குவது யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குப் புதிய வேலையன்று. ஒடியலுக்குச் செய்த அதே வேலைதான். பனங்கிழங்குக்குப் பதிலாக மரவள்ளிக் கிழங்கு.

இந்த மூன்றரை ஆண்டுகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை 'ஊர்' என்பது அடுத்த விடுமுறையில் எட்டக்கூடிய இடமாக இருந்தது. இப்போது அது எட்டாத இடமாயிற்று. முப்பது ஆண்டாக மணியோடர் அனுப்பிக் கட்டிய கல்வீடு ஆபத்து நாளில் ஒரு பிடி சோறும் தரவில்லை. பலகைத் தரையும் பின்சந்தும் உள்ள குவாட்டர்ஸும், அதனருகில் நட்ட மரவள்ளியும், சுவருக்கு அப்பாலிருந்த சீனக் குடும்பமும் மலாயாளக் குடும்பமுமே உயிரைக் காத்தன. போர் முடிந்து முதற் கப்பல் போகத் தொடங்கியபோது, பலர் ஓடோடி ஊர் சென்றனர். இன்னும் பலர் சென்று, பெற்றோரைக் கண்டு, கோயிலுக்குப் பொங்கிவிட்டு, மீண்டும் திரும்பி வந்தனர். இந்த முறை அவர்கள் திரும்பி வந்தது வேலைக்கு மட்டுமன்று.

1957 ஆகஸ்ட் 31 ஆந் திகதி மலாயா சுதந்திரம் பெற்றது. அன்றைக்குப் பின் அந்நாட்டிற் பிறந்த குழந்தை பிறப்பினாலேயே அந்நாட்டுக் குடியானது. பெற்றோர் விண்ணப்பித்துப் பெறவேண்டிய உரிமை அது. 'நாங்கள் எந்த நாட்டார்?' என்ற கேள்வி, அதுவரை திண்ணைப் பேச்சாக இருந்தது, இப்போது கையொப்பமிட வேண்டிய பத்திரமாக மேசைக்கு வந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் தயங்கினர். அவர்களுடைய பிள்ளைகள் தயங்கவில்லை. பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் என்பது ஒருமுறை சென்று, கிணற்றடியில் வழுக்கி விழுந்து, கூழ் குடித்து, நுளம்புக்கடி வாங்கி வந்த இடம். அவர்கள் வங்கிக் கடனெடுத்து வாங்கிய வீடுகள் பெட்டாலிங் ஜெயாவில் எழுந்தன. பழைய குவாட்டர்ஸ்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பிரிக்பீல்ட்ஸில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டப்பட்டு, 'நூறு குவாட்டர்ஸ்' என்று பெயர்பெற்றிருந்த வரிசை வீடுகளும் பிற்காலத்திற் புதிய கட்டடங்களுக்காக இடிக்கப்பட்டுவிட்டன.

ஊர் திரும்பியோரின் கதை வேறு. பென்சனுடன் வந்தவர்கள் தாங்கள் கனவு கண்ட கல்வீட்டிற் குடியேறினர். நாற்சார் முற்றம், வர்ணக் கண்ணாடி பதித்த யன்னல்கள், மொசாயிக் தரை. எல்லாம் நினைத்தபடியே இருந்தன. ஆனால் வெயில் அதிகமாகத் தோன்றிற்று. கிணற்றுத் தண்ணீர் உவர்த்தது. பிற்பகலில் மழை வராதது ஏதோ மறந்துபோன கடமைபோல உறுத்திற்று. ஊரவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டனர். 'மலாயாக்காரர்' என்று அழைத்தனர். முப்பது ஆண்டு மலாயாவில் 'யாழ்ப்பாணத்தார்' என்று அழைக்கப்பட்டவர், யாழ்ப்பாணத்தில் 'மலாயாக்காரர்' ஆனார். கொண்டுவந்த றம்புட்டான் விதையைச் சுண்ணாம்புக் கற்பாறைமீது கிடந்த செம்மண்ணில் நட்டு, துலாவால் தண்ணீர் இறைத்து ஊற்றியவர்களும் உண்டு. செடி முளைத்தது, காய்க்கவில்லை. அந்த வீடுகளிற் காலையில் ஒலித்தது தேநீர்க் கோப்பைச் சத்தமன்று, மலாயா முறையில் வடித்த கருங்கோப்பியின் கரண்டிச் சத்தம். சம்பலில் ஏதோ ஒன்று குறைகிறது என்று கணவர் சொன்னால் அது எது என்று மனைவிக்குத் தெரியும்; அது யாழ்ப்பாணத்துக் கடையிற் கிடைக்காது. பிள்ளைகள் பினாங்கிலும் சிங்கப்பூரிலுமிருந்து கடிதம் எழுதினர். சில வீடுகளில், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து சுற்றிலும் விளையாடிக்கொண்டிருக்கையில், ஊரிலுள்ள உறவினருக்கு விளங்கக்கூடாத வீட்டுப் பேச்சு ஏதும் இருந்தால், தாத்தாவும் ஆச்சியும் அதைத் தாழ்ந்த குரலில், சீன மரக்கறி வியாபாரியிடம் ஆச்சி கற்றுக்கொண்ட அந்தச் சந்தை மலாயிலேயே பேசிக்கொண்டார்கள்.